இரண்டு ஜேர்மன் நிலையங்களுக்கு நடுவில் ஒரு பல்லுக்கொழுக்கட்டை

போன சனிக்கிழமை மாமியை அவர் வீட்டுக்கு அனுப்பவும், அப்படியே கடையில் சாமான் வாங்கவும் நாங்கள் எல்லாரும் ஷாஃப்ஹவுசனில் ரயில் ஏறினோம். அடுத்த நிலையம்கூட வரவில்லை, மாமி எழும்பிப் போய்க் கதவடியில் நின்று, கதவு திறக்கிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டார்.

"மாமி, யெஸ்டெட்டனுக்கு இன்னும் கனநேரம் கிடக்கு. வந்து இருங்கோ," என்றான் சின்னவன்.

"நீ இரு ராசா. எனக்கு நிக்கிறதுதான் சுகம்."

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, மாமிக்கு ரெயின் எண்டா பயமோ?" பிறகு சொல்லுகிறேன் என்றேன். நான் வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் பாதியில் போனைப் பார்ப்பீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். அப்பா பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மாமியின் கதையைச் சொல்வதற்கு முதல் அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு யெஸ்டெட்டன் என்றால் தள்ளுவண்டி, இறைச்சிக்கடை, வரிக்காசைத் திருப்பி எடுக்கிற பச்சைத் துண்டுக்கு முத்திரை குத்த நிற்கிற வரிசை. அம்மா பார்சல் எடுக்கப் போகிற கடை. ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை பெரோன் மேடையில் குளிரில் நிற்பது. அவ்வளவுதான். ஆனால் அது ஒரு புதுமையான நிலையம். ஊர் ஜேர்மனியுடையது. ஓடுகிற ரயில் சுவிஸுடையது.

இதை எனக்குச் சொன்னவர் என்னோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் சுவிஸ்தான். ஜேர்மனி ஒரு விரலை நீட்டிச் சுவிஸுக்குள் வைத்தது போல இருக்கும். ஷாஃப்ஹவுசனில் இருந்து சூரிச்சுக்கு நேரே தண்டவாளம் போட வேண்டும் என்றால் அந்த விரலுக்கு மேலால்தான் போட வேண்டும். இரண்டு அரசாங்கங்களும் பேசிச் சம்மதித்தன. சுவிஸ்காரர் பாதை போட்டார்கள், ஜேர்மன் ஊர்க்காரர் அதில் ஏறிப் போனார்கள். அவருடைய பாட்டன் காலத்தில் சுங்கக் கணக்குக்கு அந்த ஊரைச் சுவிஸ் பக்கத்தோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்களாம். இவ்வளவையும் அவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார்.

"எங்களுக்கு ஜேர்மன் தலைநகரம் தூரம். சூரிச் பக்கத்திலை. என்ன செய்யிறது, கல்யாணம் கட்டின இடமும் பிறந்த இடமும் மாதிரித்தான்," என்று சொல்லிச் சிரிப்பார்.

முன்பு அந்த நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கினார்கள், ரிக்கெற் கொடுக்க ஆள் இருந்தது என்றும் சொன்னார். நான் பார்த்த காலத்தில் ரிக்கெற் மெசின், சைக்கிள் விடுகிற கூரை, பஸ் தரிப்பு, ஒரு மணிக்கூடு. அந்த நிலையம் அதற்கு மேல் எங்களுக்குச் செய்த உதவியைப் பற்றித்தான் இந்தக் கதை.

மாமி, அதாவது என் அக்கா, என்னைவிட முந்தி ஜேர்மனிக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டவர். நான் பிந்தி வந்து சுவிஸில் போட்டேன். உங்கள் அம்மாவும் அப்படித்தான். அப்போது எங்கள் கையில் இருந்தது தற்காலிக அட்டை. அந்த அட்டையோடு நாங்கள் சுவிஸை விட்டு வெளியே போகக்கூடாது. மாமி ஜேர்மனியை விட்டு வெளியே வரக்கூடாது. வந்து பிடிபட்டால் அவருடைய வழக்குக் கெட்டுப்போகும், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று மாமியின் வழக்கறிஞர் சொல்லி வைத்திருந்தார். மாமியின் அகதி முகாம் இருந்த கிராமத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு மலையும் ஓர் ஆறும்தான். ஆனால் எங்கள் கல்யாணத்தை மாமி போனில் பார்த்தார். மூத்தவள் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கையும் போனில்தான் பார்த்தார்.

சூரிச்சுக்குப் போவதென்றால் நான் எப்போதும் வின்டர்தூர் சுற்றித்தான் போவேன். மற்ற ரயில் ஜேர்மனிக்குள்ளால் போகிறது, அதில் ஏறாதே என்று எங்கள் அகதி முகாமில் இருந்த அண்ணைமார் எல்லாரும் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருநாள் அவசரத்தில் பெரோன் மாறி ஏறிவிட்டேன். ரயில் கொஞ்சம் ஓடியதும் போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்தால், ஜேர்மனிக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி. போனை நிற்பாட்டி உள்சட்டைப் பைக்குள் வைத்தேன், ஏதோ அது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது போல. ரயில் நின்றது. யன்னலால் பார்த்தேன். யெஸ்டெட்டன் என்று பலகை. சனங்கள் பையோடு ஏறினார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ரயில் போய்விட்டது.

பிறகு அகதிகளுக்கான உதவி நிலையத்தில் விசாரித்தேன். இறங்காமல் ரயிலில் கடந்து போனால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை, இறங்கினால்தான் வில்லங்கம் என்றார்கள். அன்றே மாமிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அப்ப நான் அந்தப் பெரோனிலை வந்து நிண்டா உன்னைக் காணலாமோ?"

"காணலாம் அக்கா. ஆனா நான் இறங்க மாட்டன்."

"நீ ஏன் இறங்கிறாய்? கதவு திறக்கும்தானே."

அப்படித் தொடங்கியதுதான். மாமி பஸ் பிடித்து யெஸ்டெட்டனுக்கு வருவார். நான் கதவடியில் நிற்பேன். கதவு திறந்தால் மாமி கீழே, நான் மேலே. ஒரு பை இங்கிருந்து போகும், ஒரு பை அங்கிருந்து வரும். "மெலிஞ்சு போனாய்." "நீயும்தான்." "சாப்பிடு." கதவு மூடிவிடும். உங்கள் அம்மாவை மாமி முதல் முதல் நேரில் கண்டதும் அந்தக் கதவில்தான். மூத்தவள் பிறந்த பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். மாமி கையை நீட்டினார். கொடுத்துவிட்டுக் கதவு மூடினால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். மாமி அவளுடைய காலை மட்டும் பிடித்துப் பார்த்தார். அதற்குள் கதவு கூவத் தொடங்கிவிட்டது.

பிறகு மூத்தவளுக்குக் கீழ்ப்பல் முளைத்தது.

பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை கொட்ட வேண்டும். சின்னவன் தன்னுடையதைப் படத்தில் பார்த்திருக்கிறான். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பல்லுப் போலக் குத்தி, தலையில் கொட்டுவது. முன்னுக்கு ஒரு தட்டில் புத்தகம், பேனை, நகை, சீப்பு என்று வைப்பது. பிள்ளை எதை முதலில் எடுக்கிறதோ அந்தத் தொழில் செய்யும் என்று எல்லாரும் சிரிப்பது. எங்கள் வீட்டு வழக்கத்தில் கொட்டுகிறவர் தகப்பனின் சகோதரிதான். வேறு ஆள் கொட்டினாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்று நான் மாமிக்குச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா கொட்டட்டும், நீ போனில் பார் என்றேன்.

மாமி சொன்னார்:

"எல்லாத்தையும் போனிலை பாத்திட்டன் தம்பி. இதையும் போனிலை பாக்கச் சொல்லாதை."

மாமிக்குப் பிள்ளைகள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

வழியைக் கண்டுபிடித்தவர் உங்கள் அம்மா. ரயில் நேர அட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் திடீரென்று கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, யெஸ்டெட்டனுக்கு அடுத்தது லொட்ஸ்டெட்டன். அதுவும் ஜேர்மனிதானே?"

"ஓம்."

"அப்ப மச்சாள் யெஸ்டெட்டனிலை ஏறி லொட்ஸ்டெட்டனிலை இறங்கினா அவ ஜேர்மனியை விட்டுப் போகேல்லை. நாங்கள் ரெயினை விட்டு இறங்கேல்லை. ஆருக்கு என்ன பிழை?"

இரண்டு நிலையத்துக்கும் இடையில் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட இல்லை. ஆனால் கொழுக்கட்டை கொட்ட எவ்வளவு நேரம் வேண்டும்? லொட்ஸ்டெட்டனுக்கு அடுத்தது ராஃப்ஸ். அது சுவிஸ். அதற்கு முதல் மாமி இறங்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் கவனம் என்று பேசிக்கொண்டோம்.

அந்த நாள் வந்தது. யெஸ்டெட்டனில் கதவு திறந்தது. மாமி சேலையும் அதற்கு மேல் குளிர் யாக்கெற்றும் போட்டுக்கொண்டு, துவாயால் சுற்றிய பாத்திரத்தோடு நின்றார். விடிய எழும்பி முகாமின் பொதுச் சமையலறையில் அவித்த கொழுக்கட்டை. ஆவி இன்னும் அடங்கவில்லை. லொட்ஸ்டெட்டன் வரைக்கும் எடுத்த ரிக்கெற்றை, யாராவது கேட்டால் உடனே காட்டுவதற்கு விரலிடுக்கில் பிடித்திருந்தார். காலைத் தூக்கி உள்ளே வைத்தார். அந்தக் கதவில் அவர் மேலே ஏறியது அதுதான் முதல் தரம்.

"கெதியாக் கெதியா," என்றார். "பிள்ளையை இருத்து. முகம் எந்தப் பக்கம்? கிழக்கு எது?"

"ரெயின் வளைஞ்சு போகுது மச்சாள், கிழக்கும் வளையுது," என்றார் அம்மா.

ஆசனத்தில் வெள்ளைத் துவாயை விரித்து மூத்தவளை இருத்தினோம். எதிர் ஆசனத்தில் தள்ளுவண்டிப் பையோடு ஒரு சுவிஸ் அம்மா இருந்தார். அவர் வண்டியைத் தன் பக்கம் இழுத்து இடம் விட்டார். உங்கள் அம்மா தட்டை நீட்டினார். புத்தகம், பேனை, சங்கிலி, சீப்பு எல்லாம் இருந்தன. மூத்தவள் ஒன்றையும் பார்க்கவில்லை. மாமியின் விரலிடுக்கில் இருந்த ரிக்கெற்றை எட்டிப் பறித்து வாயில் வைத்துவிட்டாள்.

"ஐயோ, ரிக்கெற்!" என்றேன்.

"விடு தம்பி. பிள்ளை எடுத்ததைப் பறிக்கக்கூடாது. ரெயின் ஓட்டப்போறாள் போல," என்று சொல்லிக்கொண்டு மாமி பாத்திரத்தைச் சரித்தார்.

கொழுக்கட்டை மூத்தவளின் தலையில் விழுந்து, தோளில் விழுந்து, துவாயில் விழுந்தது. அவள் அழவில்லை. ரிக்கெற்றைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் துவாயில் அடித்தாள். மாமி வாய்க்குள் ஏதோ தேவாரம் சொன்னார். அந்த நேரம் பார்த்து ரயில் பிரேக் பிடித்தது. துவாயில் கிடந்தவை எல்லாம் வழுக்கிக் கீழே விழுந்து, நடைபாதையால் சறுக்கிக்கொண்டு போயின.

இந்த இடத்தில்தான் நாங்கள் எங்கள் ஆட்களாக இருந்தோம். வேறு யாராவது என்றால் கிடந்தால் கிடக்கட்டும் என்று கதவுக்குப் போயிருப்பார்கள். ஆனால் பிள்ளையின் பல்லுக்குக் கொட்டிய கொழுக்கட்டையைச் சப்பாத்தால் மிதிக்க விடலாமா?

"மிதிபடப் போகுது! பொறுக்கு, பொறுக்கு!" என்று மாமி முழங்காலில் இருந்துவிட்டார். அம்மா மற்றப் பக்கம் குனிந்தார். நான் ஒரு கையில் மூத்தவளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஆசனத்துக்குக் கீழே துழாவினேன். சுவிஸ் அம்மாவும் குனிந்து, தன் வண்டிச் சில்லுக்குள் போன ஒன்றை எடுத்து, இது பாற்கட்டியா என்று கேட்டார். பிள்ளையின் முதல் பல்லுக்கு என்று உங்கள் அம்மா விளங்கப்படுத்தினார். அவர் மூத்தவளின் வாயை எட்டிப் பார்த்து, ஓம், ஒன்று வந்திருக்கிறது என்றார்.

நான் நிமிர்ந்தபோது ரயில் நின்று திரும்பவும் வெளிக்கிட்டிருந்தது, லொட்ஸ்டெட்டன் என்ற பலகை யன்னலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

"அக்கா!" என்றேன்.

மாமி முழங்காலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். கையில் ஒரு கொழுக்கட்டை. அவருடைய முகத்தை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. எழும்பி ஓடிப்போய்க் கதவுப் பொத்தானை அமத்தினார். திரும்பத் திரும்ப அமத்தினார். ஓடுகிற ரயிலின் கதவு திறக்குமா?

"போச்சு தம்பி. எல்லாம் போச்சு. இனி என்னை அனுப்பிப்போடுவாங்கள்."

அம்மா மாமியின் கையைப் பொத்தானில் இருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "மச்சாள், அடுத்ததிலை இறங்கித் திரும்பி வாற ரெயின் எடுப்பம். நாங்களும் வாறம். உங்களைத் தனிய விட மாட்டம்."

ராஃப்ஸில் இறங்கினோம். அந்த மெசினில் மாமிக்குத் திரும்பிப் போக ரிக்கெற் எடுக்கப் போய், நான் மாறி மாறி அமத்தியதில் ஏதேதோ மொழி வந்தது. அம்மாதான் எடுத்தார். திரும்புகிற ரயிலுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. மாமி அங்கே இருந்த வாங்குப் பலகையின் ஓரத்தில், எழும்பி ஓடுவதற்கு ஆயத்தமானவர் போல இருந்தார்.

தூரத்தில் செம்மஞ்சள் யாக்கெற் போட்ட ஒருவர் எங்களை நோக்கி வந்தார். மாமி யாக்கெற்றின் தொப்பியை இழுத்து முகத்தை மூடினார். "பொலிஸ்," என்றார். அந்த மனிதர் கிட்ட வந்து நின்று நிலத்தைக் காட்டினார். மாமியின் சேலைக்குள் சிக்கியிருந்த ஒரு கொழுக்கட்டை வாங்கின் கீழ் விழுந்து கிடந்தது. இது உங்களுடையதா, எடுத்துப் போடலாமா என்று கேட்டார். அவர் குப்பைத் தொட்டி துப்புரவாக்க வந்தவர். அம்மா அதை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் மற்றத் தொட்டிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. காற்று அடித்தது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. மாமி தொப்பியை மெல்ல எடுத்தார்.

"இதுதானோ சுவிஸ்?"

"ஓம் அக்கா."

"அங்கையும் இப்பிடித்தான் கிடக்கு." கொஞ்சம் பொறுத்து, "பிள்ளையைத் தா," என்றார்.

நான் கொடுத்தேன். மூடுவதற்கு அங்கே கதவு இல்லை. மாமி மூத்தவளை மடியில் இருத்தி, தலைமயிருக்குள் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவை ஒவ்வொன்றாக எடுத்தார். அவளுடைய காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு பின்னுக்குச் சாய்ந்து வாங்கில் வடிவாக இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். நானும் அக்காவும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எத்தனை வருடம் என்று அப்போதுதான் நினைத்தேன். ஒன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை. முகாமில் அரிசி மாவு வறுக்கப் போய்ப் புகை எச்சரிக்கை மணி அடித்த கதையைச் சொன்னார். "நெருப்பணைக்கிறவன் வந்து கொழுக்கட்டையைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். ஒண்டு குடுத்தனான். திண்டிட்டுத்தான் போனான்." அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்புகிற ரயில் வந்தது. ஏறினோம். மாமி இருக்கவில்லை, மூத்தவளைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நின்றார். எல்லையைக் கடந்ததும் எங்கள் போன்கள் கிணுங்கின. ஜேர்மனிக்கு உங்களை வரவேற்கிறோம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து போனை உள்சட்டைக்குள் ஒளித்தவன் நான். அன்று அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம். போனை மாமியிடம் காட்டினேன். "வந்திட்டாய் அக்கா."

லொட்ஸ்டெட்டனில் கதவு திறந்தது. மாமி இறங்க ஒரு காலை வெளியே வைத்தார். மூத்தவள் அதற்குள் அவருடைய தோளில் நித்திரையாகி இருந்தாள்.

"இன்னும் ஒரு ஸ்ரேசன் கிடக்கு மச்சாள்," என்றார் அம்மா. "இப்ப ஜேர்மனிதானே."

மாமி காலைத் திரும்ப உள்ளே வைத்தார். மூத்தவளை மாற்றித் தூக்கிக்கொண்டு, மற்றக் கையின் விரலை அந்த நிமிடமே பொத்தானில் வைத்தார். யெஸ்டெட்டன் வரும்வரை எடுக்கவில்லை.

யெஸ்டெட்டனில் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். இறங்கித் திரும்பி, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார். நான் மேலே, அவர் கீழே.

"என்ரை ரிக்கெற்றைத் திண்டவளைக் கவனமாப் பார் தம்பி. வளந்தாப் பிறகு அவள்தான் எனக்கு ரிக்கெற் எடுத்துத் தரோணும், சொல்லிப்போட்டன்."

கதவு மூடியது.

மாமிக்கு அங்கே வதிவிட அட்டை கிடைத்ததும், எங்களுக்கு இங்கே கிடைத்ததும் பிறகு நடந்தவை. சின்னவனின் பல்லுக்கு மாமி எங்கள் வீட்டுக்கே வந்து, எங்கள் விறாந்தையில், ஆறுதலாகக் கொட்டினார். படத்தில் இருப்பது அதுதான். இப்போது மாமி நினைத்தபோது வருகிறார், நினைத்தபோது போகிறார். ஆனாலும் அந்தப் பாதையில் மட்டும் அவரால் இருக்க முடிவதில்லை.

போன சனிக்கிழமை ஷாஃப்ஹவுசனில் மாமி ரிக்கெற் மெசினடிக்குப் போனபோது, மூத்தவளே, நீ போனைக் காட்டி, "நில்லுங்கோ மாமி, உங்கடை ரிக்கெற்றை நான் எடுத்திட்டன்," என்றாய். மாமி உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ அதைக் கவனிக்கவில்லை. ரயில் வந்தது. மாமி ஏறினார். இரண்டு நிமிடம் எங்களோடு இருந்தார். பிறகு எழும்பிக் கதவடிக்குப் போனார்.